அடிவாரத்தில் ஒரு கொடி: இது புது இனமா?

கம்பிச்சுருள் | அக்டோபர் 18, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். அஸ்தம்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். செடி கொடி பற்றிப் படித்தவன் இல்லை. சர்க்கரை ஏறிவிட்டது, நடங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி ஏற்காடு அடிவாரம் வரை போய் வருவேன்.

போன வாரம் மழை விட்ட மறுநாள் ஒரு காட்டு வேலியில் உண்ணிப்புதர் மேல் ஒரு கொடி படர்ந்திருந்தது. அதில் இருந்த பூவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். சுண்டு விரல் நீளம்கூட இல்லை. அடியில் குட்டிக் குடம் போல உப்பல், அதற்கு மேல் மெல்லிய குழாய். உச்சியில் ஐந்து இதழும் தனித்தனியாகக் கிளம்பி நுனியில் மறுபடி ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. பார்த்தால் சின்ன அரிக்கேன் விளக்கு. ஒரே காம்பில் ஆறு பூ, எல்லாம் மேல் நோக்கி நிற்கின்றன. படம் நான்கு போட்டிருக்கிறேன்.

போனில் ஒரு செயலி ஆப்பிரிக்கச் செடி என்கிறது. இன்னொன்று வேறு பெயர் சொல்கிறது. இலை எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. படங்களில் எல்லாம் அகல இலை, இதில் மூங்கில் இலை மாதிரி ஒடுக்கம். புது இனமாக இருக்குமா? இருந்தால் பெயர் வைக்கும் உரிமை எனக்கு உண்டா? எங்கள் அம்மா பெயரை வைக்க ஆசை. சிரிக்காதீர்கள்.

லென்ஸ்கண் | அக்டோபர் 18, இரவு 9.40

சூப்பர் அண்ணா! நானும் மூன்று செயலியில் போட்டுப் பார்த்தேன், மூன்றும் மூன்று விதமாகச் சொல்கின்றன. செயலிக்கே தெரியவில்லை என்றால் புதுசுதான். நாளைக்கே பேப்பர்காரர்களைக் கூப்பிடுங்கள்.

கோவைத்தாவரம் | அக்டோபர் 18, இரவு 10.55

பேப்பர்காரர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நான் வகைப்பாட்டியலில் முனைவர் பட்ட மாணவி, கோயம்புத்தூரில் இருக்கிறேன்.

இது செரோபீஜியா என்ற பேரினம் (நெருங்கிய உறவுள்ள பல இனங்களின் கூட்டம்), அதில் சந்தேகமே இல்லை. எருக்கும் நன்னாரியும் இருக்கிற குடும்பம். அண்ணா பார்த்த அந்த விளக்குக் கூண்டு உண்மையில் ஒரு பொறி. வாசனைக்கு வருகிற குட்டி ஈ கூண்டின் இடுக்கு வழியாக நுழைந்து குழாயில் வழுக்கி அடிக்குடத்தில் விழும். குழாயின் உள்ளே ரோமங்கள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், அதனால் இறங்கலாம், ஏற முடியாது. அங்கேயே சுற்றிச் சுற்றி வரும்போது மகரந்தப் பொட்டலம் ஈயின் வாயில் மாட்டிக்கொள்ளும். பிறகு ரோமங்கள் வாடும், ஈ வெளியே வந்து அடுத்த பூவில் போய் மறுபடி மாட்டும். ஒரு தடவை பட்டும் அதற்குப் புத்தி வராதது செடிக்கு நல்லது.

ஆனால் எந்த செரோபீஜியா என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். இலையை நம்பவே கூடாது. செரோபீஜியா பல்போசா என்று ஒன்று, வட்ட இலை. அதே செடி ஒடுங்கிய இலையோடு இருந்ததைப் பார்த்து முன்பு தனி இனமாகவே பெயர் வைத்தார்கள். பிறகு பூவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு லூஷியை என்ற வகையாக அதற்குள்ளேயே இறக்கிவிட்டார்கள். ஒரே கொடியில் கீழே அகலமும் மேலே ஒடுக்கமுமாக இலை வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்தப் பேரினத்தில் ஆதாரமெல்லாம் அடிக்குடத்துக்குள் இருக்கிறது. பூவை நீளவாக்கில் பிளந்தால் நடுவில் ஒரு குட்டிக் கிரீடம் தெரியும். அதன் வெளி மடல் எத்தனை பிளவு, உள் மடல் நேராக நிற்கிறதா, நுனி வளைகிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் படம் எடுத்துப் போடுங்கள். கிழங்கைத் தோண்ட வேண்டாம்.

பழந்தாள் | அக்டோபர் 19, காலை 6.20

வேலை இருந்த காலத்தில் முப்பது வருடம் தாவரவியல் நடத்தினேன். இப்போது கண் மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை. கம்பிச்சுருள், உங்கள் ஆசையில் சிரிக்க ஒன்றும் இல்லை. பெண் பெயர் என்றால் கடைசியில் 'ஏ' என்ற விகுதி வரும், ஆண் என்றால் 'ஐ', ஊர் என்றால் பெரும்பாலும் 'என்சிஸ்'. அம்மா பெயருக்கு அந்த இலக்கணத்தில் இடம் இருக்கிறது. பெயர் வைப்பதற்கு முன்னால் வருகிற வேலைதான் ஆளைக் கொல்லும்.

புது இனம் என்று ஒருவர் சொன்னால், 'இதுவரை பெயர் வைத்த எதனோடும் இது சேராது' என்று சொல்கிறார் என்று பொருள். அப்படிச் சொல்ல வேண்டுமானால் பெயர் வைத்த அத்தனையையும் பார்த்திருக்க வேண்டும். செயலிக்குத் தெரியாதது கணக்கில் வராது. செயலிக்கு யாரும் படம் காட்டாத பழைய இனங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன.

எங்கே போய்ப் பார்ப்பது? ஹெர்பேரியத்தில். காய்ந்த செடியைத் தாளில் ஒட்டி, யார், எங்கே, என்றைக்குப் பறித்தது என்று சீட்டு எழுதி அலமாரியில் வைத்திருக்கும் இடம். நமக்குப் பக்கத்தில் கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம். அதைத் தொடங்கிய பாதிரியார் கே. எம். மேத்யூ சேர்வராயன் (உங்கள் ஏற்காடு மலைதான்), கொல்லிமலை, பச்சைமலை என்று ஏறி இறங்கித்தான் தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் (கர்நாடக மாநிலம் இல்லை, தமிழ்நாட்டுக்குள்ளேயே 'கர்நாடிக்' என்று சொல்லும் பகுதி) தாவரங்களைப் பற்றிய தன் பெரிய நூலை 1980களில் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் காம்பிள் என்ற காட்டிலாகா அதிகாரி மெட்ராஸ் மாகாணத் தாவரங்களை 1915 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். முடிப்பதற்குள் இறந்துபோனார், ஃபிஷர் என்பவர் 1936ல் முடித்து வைத்தார். நம் பக்கத்துச் செடியை எடுத்ததும் முதலில் புரட்ட வேண்டியது இந்த இரண்டையும்தான்.

இனத்தின் பெயர் ஏதாவது ஒரே ஒரு தாளோடு ஆணியடித்தது போல நிற்கும். அதற்குத்தான் டைப் என்று பெயர், மூலமாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1958 முதல் மூலமாதிரியைக் குறிப்பிடாமல் பெயர் வைத்தால் அந்தப் பெயர் செல்லாது. 1990 முதல் அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்றும் எழுதியாக வேண்டும். நாளைக்கு நூறு பேர் நூறு சொன்னாலும், 'தாளை எடு, பார்ப்போம்' என்றால் சண்டை முடிந்தது. உங்கள் நான்கு படமும் அழகாக இருக்கின்றன, ஆனால் பிளந்து பார்க்க அவற்றில் பூ இல்லை.

வாய்தா | அக்டோபர் 19, மதியம் 1.05

சட்டம் சொல்ல நான் வந்துவிட்டேன். அந்த வேலி பட்டா நிலமா, ரிசர்வ் காடா? ரிசர்வ் என்றால் இலையைக் கிள்ளினாலும் வில்லங்கம். 1882ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அப்புறம், நிஜமாகவே புது இனம் என்றால் 2002ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டம், பிரிவு 39. புதிதாகக் கண்டுபிடித்த எதையும் அதற்கென நியமித்த காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். வீட்டு பீரோவில் வைத்துக்கொள்ள முடியாது.

ஆனால் எனக்கு இந்த ஆட்கள் மேலேயே ஒரு வழக்கு இருக்கிறது. கருவேலமரத்தை அக்கேஷியா என்று படித்தேன். இப்போது என் மகள் புத்தகத்தில் வச்செல்லியா என்று இருக்கிறது. தேக்கும் நொச்சியும் வேறொரு குடும்பத்தில் இருந்தன, தூக்கித் துளசியோடு சேர்த்துவிட்டார்கள். இலவமரத்துக் குடும்பத்தையே ஒழித்துச் செம்பருத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருக்கிற செடிக்கே ஒரு பெயரை உருப்படியாக வைக்கத் தெரியாதவர்கள் புதுசுக்கு என்ன வைக்கப் போகிறார்கள்?

கோவைத்தாவரம் | அக்டோபர் 19, மாலை 4.30

வக்கீல் சார், கருவேலத்தில் உங்கள் கோபம் நியாயம்தான். அக்கேஷியா என்ற பெயரின் மூலமாதிரி நம் கருவேல இனம்தான். பேரினத்தைப் பல துண்டாகப் பிரிக்க வேண்டி வந்தபோது, விதிப்படி பழைய பெயர் நம் மரத்தோடு நின்றிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் மட்டும் ஆயிரத்துக்கு அருகில் இனங்கள் இருந்தன, அத்தனைக்கும் பெயர் மாற்றுவது தொல்லை என்று 2005ல் வியன்னாவில் நடந்த உலகத் தாவரவியல் மாநாட்டில் அந்தப் பெயரை அவர்கள் பக்கம் கொடுத்துவிட்டார்கள். 2011ல் மெல்போர்னில் மறுபடி சண்டை, அப்போதும் அதே முடிவு. நாம் ஓட்டுப் போட்டு இழந்த வழக்கு அது.

தேக்கு விஷயம் வேறு. பூவின் வடிவை வைத்துப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தவர்களை டிஎன்ஏ வந்து கலைத்துவிட்டது. எங்கள் பேரினத்திலேயே பெரிய ரகளை நடக்கிறது. 2017ல் ஒரு குழு, வம்சாவளிப்படி பார்த்தால் கராலூமா, பிராக்கிஸ்டெல்மா எல்லாம் செரோபீஜியாவின் கிளைகள்தான் என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. அதை ஏற்றுக்கொண்டால், நம் ஊரில் துவையல் அரைக்கிற கள்ளிமுளையானும் இந்த அரிக்கேன் கொடியும் ஒரே பேரினம். ஒத்துக்கொள்ளாத ஆட்களும் நிறைய. நான் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எனக்கு இன்னும் வைவா முடியவில்லை.

காப்பித்தோட்டம் | அக்டோபர் 19, இரவு 8.15

ஏற்காட்டில் எஸ்டேட் ரைட்டர் வேலை, இருபத்திரண்டு வருஷம். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். 'கண்டுபிடித்தேன்' என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. எங்கள் தோட்டத்தில் காப்பி பறிக்க வருகிற மலையாளி சனங்களுக்கு (கேரளத்துக்காரர்கள் இல்லை, இந்த மலைச் சாதி) நூற்றுக்கணக்கில் செடி தெரியும். எது காய்ச்சலுக்கு, எது மாட்டுக்கு, எந்தக் கிழங்கை இரண்டு தடவை வேகவைக்க வேண்டும், எல்லாம் தெரியும். ஒரு பாட்டி இலையைக் கசக்கி மோந்தே பெயர் சொல்லும். வெள்ளைக்காரர் ஒருவர் வந்து தாளில் ஒட்டினால் மட்டும் அது கண்டுபிடிப்பா?

பழந்தாள் | அக்டோபர் 20, காலை 6.05

காப்பித்தோட்டம், நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. பாட்டிக்குத் தெரிந்தது அறிவு. ஹெர்பேரியத் தாள் வேறொரு வேலை செய்கிறது. பாட்டி 'வெள்ளைப்பூடு' என்று சொல்வதும், கொல்லிமலையில் இன்னொரு பாட்டி 'வெள்ளைப்பூடு' என்று சொல்வதும் ஒரே செடிதானா என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்கிறது. அவ்வளவுதான் அதன் பெருமை.

லத்தீன் பெயர்களைக் கொஞ்சம் கீறினால் நம் ஆட்கள் உள்ளே இருப்பார்கள். முருங்கையின் மொரிங்கா நம் சொல். தேக்குக்கு டெக்டோனா என்றதும் அப்படித்தான். ஒதியமரத்தை ரோக்ஸ்பர்க் என்ற பழைய தாவரவியலாளர் 'ஒடினா வோடியர்' என்று எழுதினார், ஒரே மரத்துக்கு 'ஒதி'யை இரண்டு தடவை சொன்னது போல எனக்குத் தோன்றும். பிறகு அதையும் லன்னியா ஆக்கிவிட்டார்கள்.

தலைகீழாகவும் நடக்கும். நீலக்குறிஞ்சியின் பெயரில் 'குந்தியானா' வருகிறதே, அது குந்தி ஆற்றை வைத்து என்று பலர் மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். அது குந்த் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளரின் பெயர். ஆறு பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

கம்பிச்சுருள் | அக்டோபர் 26, மதியம் 12.48

வக்கீல் சாருக்கு முதலில்: வேலி பட்டா நிலத்தின் வேலி. காட்டுக்காரரிடம் கேட்டேன். 'கொடிதானே, வேரோட புடுங்கிட்டுப் போ' என்றார். வேண்டாம் என்று ஒரு கொத்துப் பூவும் இரண்டு கணு இலையும் மட்டும் எடுத்தேன்.

கடையில் வைத்துப் பிளந்தேன். ரோட்டர் சுற்றும் மெல்லிய கம்பியைப் பிடிக்கிற இடுக்கி, மணிக்கடை நண்பரிடம் வாங்கிய கண்ணில் மாட்டும் லென்ஸ், புது பிளேடு. முதல் பூ நாசம். குழாய் அவ்வளவு மென்மை என்று தெரியாமல் அழுத்திவிட்டேன். இரண்டாவதைத் தெர்மோகோல் மேல் படுக்க வைத்து, அடியிலிருந்து மேலாக ஒரே இழுப்பு. காயிலுக்கு இன்சுலேஷன் தாள் வெட்டுகிற மாதிரி.

குடத்துக்குள் ஒரு ஈ இருந்தது! கொசுவை விடச் சின்னது, உயிரோடு. லென்ஸில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தள்ளாடி நடந்து பிளேடு முனையில் ஏறிப் பறந்துவிட்டது. வாயில் மஞ்சளாக ஏதோ இருந்தது போலத் தெரிந்தது, சத்தியம் செய்ய மாட்டேன். குழாயின் உள்சுவரில் வெள்ளை ரோமம், எல்லாம் கீழ்ப்பக்கம் பார்த்து. தங்கச்சி சொன்னது அப்படியே. பழைய சுண்டெலிப் பொறியில் கம்பி இப்படித்தான் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும்.

நடுவில் கிரீடம் மிளகில் பாதி இருக்கும். வெளி வட்டத்து மடல் குட்டையாக, ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்து, ஓரத்தில் ரோமம். உள் வட்டத்தில் ஐந்து மடல் குச்சி மாதிரி நிமிர்ந்து நிற்கின்றன. பதினொரு படம் போட்டிருக்கிறேன். மூன்று மோட்டார் டெலிவரி தள்ளிப்போனது, வாடிக்கையாளர் திட்டியதெல்லாம் உங்கள் கணக்கில்.

கோவைத்தாவரம் | அக்டோபர் 27, இரவு 11.20

அண்ணா, இவ்வளவு சுத்தமாகப் பிளந்த படத்தை எங்கள் துறையில்கூட நான் பார்த்ததில்லை. ஆய்வகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். காம்பிளின் திறவுகோல் (அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு இனத்தைக் கண்டுபிடிக்க வைக்கும் பட்டியல்), மேத்யூவின் நூல், வலையில் இருக்கும் மூலமாதிரிப் படங்கள் எல்லாவற்றோடும் இரண்டு பேர் தனித்தனியாக ஒப்பிட்டோம்.

செரோபீஜியா காண்டெலாப்ரம். கொத்தாக, நிமிர்ந்து நிற்கும் பூ, இதழின் ஒடுக்கம், கிரீடம் எல்லாம் ஒத்துப்போகின்றன. இலை ஒடுங்கியிருப்பது இந்த இனத்தில் புதுசு இல்லை. தமிழ்நாட்டுச் சமவெளியில் வேலியிலும் புதரிலும் இருக்கிற கொடிதான். மழைக்குப் பின் கொஞ்ச நாள் பூத்துவிட்டுக் கிழங்குக்குள் போய்விடுவதால் பலர் கண்ணில் படுவதில்லை.

புதுசு இல்லை என்று மட்டும் இல்லை, இதைவிடப் பழசாகவே இருக்க முடியாது. 1753ல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் தாவரவியலாளர் பேரினங்களையும் இனங்களையும் ஒழுங்குபடுத்திய நூலில்தான் தாவரப் பெயர்களின் கணக்கே தொடங்குகிறது. அதற்கு முந்திய பெயர் எதுவும் செல்லாது. காண்டெலாப்ரம் அந்த நூலிலேயே இருக்கிறது. அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. கொச்சியில் டச்சுக் கவர்னராக இருந்த வான் ரீடு 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதியாகக் கொண்டுவந்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' நூலின் ஒன்பதாம் தொகுதியில் இருந்த படத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார். படத்தில் கொத்துப் பூ சரவிளக்கு மாதிரி இருந்ததால் காண்டெலாப்ரம். செரோபீஜியா என்றால் கிரேக்கத்தில் மெழுகு ஊற்று. டீச்சர் சொன்ன மூலமாதிரி இந்த இனத்துக்குத் தாள் கிடையாது, அந்தப் படம்தான். பழைய பெயர்களுக்கு அதை ஒத்துக்கொள்வார்கள்.

காப்பித்தோட்டம் அண்ணனுக்கு: அந்தப் படத்துக்கு மேலே வள்ளி என்று முடியும் மலையாளப் பெயர் அச்சாகியிருக்கிறது. வான் ரீடுக்குச் செடிகளைச் சொல்லிக்கொடுத்தவர்களில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் முக்கியமானவர். அவர் கொடுத்த சான்றிதழ் முதல் தொகுதியிலேயே இருக்கிறது. அதனால் அண்ணன் கேட்ட கேள்விக்கு இந்தக் கொடியே பாதிப் பதில்.

கம்பிச்சுருள் | அக்டோபர் 28, காலை 7.02

சரி. நேற்று ராத்திரி படித்துவிட்டு அம்மா படத்தைப் பார்த்துச் சிரித்தேன். 1753. நம்மளை விட இருநூற்று எழுபது வருஷம் சீனியர்.

வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

லென்ஸ்கண் | அக்டோபர் 28, காலை 9.30

அப்போ எல்லாவற்றுக்கும் பெயர் வைத்து முடித்துவிட்டார்களா? நம்ம மாதிரி ஆட்கள் இனி எதையும் கண்டுபிடிக்கவே முடியாதா?

கோவைத்தாவரம் | அக்டோபர் 28, இரவு 10.10

உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 2,000 தாவர இனங்களுக்குப் புதிதாகப் பெயர் வைக்கிறார்கள். இந்தியக் கணக்கைத் தாவரவியல் ஆய்வகம் வருஷா வருஷம் தனிப் புத்தகமாகவே போடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து காசித்தும்பை, இஞ்சிக் குடும்பம் என்று வந்துகொண்டே இருக்கும். கிழக்குத் தொடர்ச்சியிலிருந்து அவ்வளவு வருவதில்லை, அங்கே தேடுகிற ஆட்கள் குறைவு என்பதே அதற்கு ஒரு காரணம்.

ஆனால் எங்கே கிடைக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 2010ல் வந்த ஓர் ஆய்வில், பறித்த ஐந்து வருஷத்துக்குள் புது இனம் என்று பெயர் பெற்றவை 16 சதவீதம்தான். ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பெயர் வைத்தபோது மாதிரித் தாளுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. யாரோ பறித்து, ஒட்டி, தப்பான பெயரோடோ பெயரே இல்லாமலோ அலமாரியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னும் பெயர் வைக்காத பூக்கும் தாவரங்களில் பாதிக்கு மேல் இப்படி அலமாரிகளிலேயே இருக்கும் என்பது அந்த ஆய்வு செய்தவர்களின் கணிப்பு. புது இனம் தேடுகிறவர் காட்டுக்குப் போவதற்கு முன்னால் பீரோவைத் திறக்க வேண்டும்.

பீரோ ஒழுங்காக இருந்தால்! முதுகலை படிக்கும்போது ஒரு கல்லூரியில் பழைய தாள்கள் பார்க்கப் போனேன். பெயர் வேண்டாம். சாவி வைத்திருந்தவர் லீவு என்று இரண்டு நாள் அலைந்தேன். மூன்றாம் நாள் திறந்தால், தாள் கட்டை எடுத்தவுடன் மாவு மாதிரி கொட்டியது. வண்டு. சீட்டு மட்டும் பத்திரமாக இருந்தது: சேர்வராயன், 1930களின் தேதி, அழகான கையெழுத்து. செடி இருந்த இடத்தில் பழுப்பு நிழல். அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது அழுதேன் என்று இங்கே எழுதினால் யாரும் கிண்டல் செய்ய மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

வாய்தா | அக்டோபர் 28, இரவு 10.41

செய்ய மாட்டோம்மா. எங்கள் கோர்ட் ரிக்கார்டு ரூமிலும் இதே கதைதான்.

ஒரு சந்தேகம். லத்தீனில் எழுதினால்தான் செல்லும் என்று எங்கேயோ படித்தேன். இப்போதும் அப்படியா?

பழந்தாள் | அக்டோபர் 29, காலை 6.15

1935 முதல் அப்படித்தான் இருந்தது. செடியின் விளக்கத்தை லத்தீனில் எழுதத் தெரியாமல் நாங்கள் பாதிரியார்களைத் தேடி அலைந்த காலம் உண்டு. 2012 ஜனவரி 1 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம், அச்சில் வராமல் மின்னிதழில் மட்டும் வந்தாலும் செல்லும். பாதிரியார்களுக்கு ஓய்வு.

லென்ஸ்கண், கம்பிச்சுருள், இரண்டு பேருக்கும் ஒன்று கேட்கிறேன். புதுசு புதுசு என்கிறீர்களே, உங்கள் மலையின் பெயரையே சுமந்துகொண்டு ஒரு மரம் நிற்கிறது, பார்த்திருக்கிறீர்களா? காம்பிள் அதற்கு வெர்னோனியா சேவராயென்சிஸ் என்று பெயர் வைத்தார். சேர்வராயன் மலைக்கே உரியது என்று பெயர் வாங்கிய மரம். சூரியகாந்திக் குடும்பம்! அந்தக் குடும்பத்தில் நமக்குத் தெரிந்ததெல்லாம் முழங்கால் உயரப் பூண்டுகள். சீதேவி செங்கழுநீர் தெரியுமல்லவா, அதன் பூத்தலையை மரத்தின் கிளையில் கொண்டுபோய் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வெர்னோனியாவையும் பிரித்து மோனோசிஸ் என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். காம்பிள் பெயர் இப்போது அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. முதலில் வைத்தவரை அடைப்புக்குறிக்குள் வைத்து, மாற்றியவரை வெளியே எழுதுவது எங்கள் மரபு. வக்கீலுக்குப் பிடிக்கும்.

காப்பித்தோட்டம், இருபத்திரண்டு வருஷம் என்றீர்களே. இதற்கு உங்கள் பாட்டி என்ன பெயர் சொல்கிறார் என்று எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும்.

காப்பித்தோட்டம் | நவம்பர் 3, இரவு 7.50

டீச்சர், நன்றாக மாட்டிவிட்டீர்கள். தெரியாது என்று ஒப்புக்கொள்கிறேன். எங்கள் தோட்டத்தில் நிழலுக்கு நிற்பது சில்வர் ஓக், அதுவும் ஆஸ்திரேலியாக்காரன். அதில் மிளகு ஏற்றிவிட்டால் வேறு மரத்தை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? காக்பர்ன் கலெக்டர் காலத்தில், 1820களில், காப்பி ஏறியதிலிருந்து இந்த மலையில் சோலை என்று மிச்சம் இருப்பது ஓடைப்பள்ளத்திலும் சாமி இருக்கிற இடத்திலும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டியைக் கூட்டிக்கொண்டு சேர்வராயன் கோவில் பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கினேன். காட்டெருமைச் சாணம் புதுசாகக் கிடந்தது, பாதி நேரம் காதைத் தீட்டிக்கொண்டே நடந்தோம். டீச்சர் சொன்ன சாயலில் ஒரு மரம் இருக்கிறது. இப்போது பூ இல்லை, போன பூவின் காய்ந்த தலை ஒன்றிரண்டு கீழே கிடந்தது. ஒன்றை உள்ளங்கையில் வைத்து ஊதினால் பஞ்சு பறக்கிறது. பாட்டி பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, 'இதுக்குப் பேரில்லை சாமி, விறகுக்கும் ஆகாது' என்று சொல்லிவிட்டது. என் வாதம் கொஞ்சம் கீழே விழுந்ததை மனம் விட்டு ஒத்துக்கொள்கிறேன். மரம் எந்த வளைவு, எந்தப் பாறை என்று...

மட்டுறுத்துநர் | நவம்பர் 3, இரவு 8.05

மேலே உள்ள பதிவில் கடைசி இரண்டு வரியையும் வரைபடச் சுட்டியையும் நீக்கியிருக்கிறேன். அரிய செடி நிற்கும் இடத்தைத் துல்லியமாக எழுத வேண்டாம். ஏற்காட்டில் ஆர்க்கிட் செடிகளைப் பெயர்த்து விற்ற கதையை இந்தக் குழுவிலேயே பலர் எழுதியிருக்கிறீர்கள். அடையாளம் காண்பவர்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

பழந்தாள் | நவம்பர் 4, காலை 6.10

அதுவாகவே இருக்கலாம். ஆனால் வெர்னோனியா ஆர்போரியா என்று இன்னொரு மரமும் மலைகளில் உண்டு, அவசரப்பட மாட்டேன். பூக்கும்போது ஒரு பூத்தலையில் எத்தனை பூ என்று எண்ணி, இலையின் அடிப்பக்கத்தை லென்ஸில் படம் எடுத்து அனுப்புங்கள். பறிக்க வேண்டாம். கோவைப் பெண்ணுக்குக் காட்டிலாகா அனுமதி வந்த பிறகு அவள் பறிக்கட்டும்.

பாட்டி 'பேரில்லை' என்று சொன்னதையும் அப்படியே எழுதி வையுங்கள். அதுவும் குறிப்புத்தான்.

கம்பிச்சுருள் | நவம்பர் 9, மாலை 5.33

காண்டெலாப்ரத்தைத் தாளில் ஒட்டிவிட்டேன். கோவைத் தங்கச்சி சொன்ன முறைப்படி தினத்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே பழைய ஸ்டேட்டர் இரும்பை ஏற்றி, தினம் தாளை மாற்றினேன். பன்னிரண்டு நாள். இலையில் ஒன்றை மட்டும் அடிப்பக்கம் தெரியத் திருப்பி வைத்தேன். இரண்டு பூவை ஸ்பிரிட்டில் தனியாக வைத்திருக்கிறேன், அமுக்கினால் குடம் தட்டையாகிவிடும் என்றதால். தாள் நீளம் 42 சென்டிமீட்டர், அகலம் 28. பக்கத்துப் பிரேம் கடைக்காரர் கெட்டி அட்டையை அதே அளவில் வெட்டிக் கொடுத்தார், எதற்கு என்று கேட்டதற்கு நான் சொன்ன பதில் அவருக்குப் புரியவில்லை. இங்கே ஒரு கல்லூரித் துறையில் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், வண்டு மருந்து போடுவீர்களா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

சீட்டு இப்படி எழுதியிருக்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்:

செரோபீஜியா காண்டெலாப்ரம். சேலம் மாவட்டம், சேர்வராயன் மலை அடிவாரம், கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வடக்கே. பட்டா நிலத்து வேலி, உண்ணிப்புதர் மேல் ஏறும் கொடி. செம்மண், கல் கலந்தது. பக்கத்தில் வேம்பு, வெள்வேல். அக்டோபர் 26. சேகரிப்பு எண் 1.

அந்த 'எண் 1' எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது.

பழந்தாள் | நவம்பர் 10, காலை 6.02

எல்லாம் சரி. பூவின் நிறம் எங்கே? காய்ந்த தாளில் இப்போது அது பழுப்பாகத்தானே இருக்கும். ஐம்பது வருஷம் கழித்துப் பார்க்கிறவருக்கு நிறம் தெரிய உங்கள் சீட்டைத் தவிர வேறு வழி கிடையாது.

கம்பிச்சுருள் | நவம்பர் 10, காலை 6.40

சேர்த்துவிட்டேன் டீச்சர்: 'குடம் வெளிறிய பச்சை. குழாய் மேலே போகப் போக மோர் நிறம், அதில் கருஞ்சிவப்புக் கீற்று. கூண்டு இதழ்கள் பழுத்த நாவல் நிறம், ஓரத்தில் ரோமம். காலை ஏழரை மணிக்குப் பார்த்தது. ஒரு பூவுக்குள் ஈ இருந்தது.'

ஈயை எழுதலாம்தானே?

பழந்தாள் | நவம்பர் 10, காலை 6.44

எழுதுங்கள்.